இதய மறுவாழ்வுப் பணிக்கு நன்கொடை: 80ஜி வரிக்கழிவு விதிகளும் கவனிக்க வேண்டியவையும்

இதய நோய்க்கான பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கும் ஸ்டென்ட் பொருத்துவதற்கும் அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் தொகுப்புக் கட்டணம் வழங்குகின்றன. ஆனால் ஆயுஷ்மான் பாரத் திட்டம், நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான செலவை மட்டுமே ஏற்கிறது. மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, புகைப்பழக்கத்தை விடச் செய்யும் வழிகாட்டல், மன ஆலோசனை ஆகியவை சேர்ந்த இதய மறுவாழ்வுப் பயிற்சியோ பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் நீடிக்கும். இந்த இடைவெளியை ஏழை நோயாளிகளுக்காக நிரப்புவதில் அறக்கட்டளை மருத்துவமனைகள் பெறும் நன்கொடைக்குப் பெரும் பங்கு உண்டு.

அத்தகைய நன்கொடைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு வரிக்கழிவு அளிக்கிறது. (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், இங்குக் குறிப்பிடும் பிரிவு எண்களும் படிவ எண்களும் பழைய சட்டத்துக்குரியவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.) 80ஜி ஒப்புதல் பெற்ற தனியார் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் தொகையில் பாதி கழிவாகக் கிடைக்கும். ஆனால் கணக்கில் எடுக்கப்படும் நன்கொடை, சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் (மற்ற கழிவுகள் போன்றவற்றை நீக்கிய வருமானத்தில்) 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அவ்வருமானம் 8 லட்சம் ரூபாயாக உள்ள ஒருவர் 1 லட்சம் ரூபாய் கொடுத்தால் 80,000 ரூபாய் மட்டுமே கணக்கில் சேரும். அதில் பாதியான 40,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். பழைய வரி முறையில் 20 விழுக்காடு வரி அடுக்கில் உள்ள அவருக்கு மிச்சமாவது, 4 விழுக்காடு கூடுதல் தீர்வையையும் சேர்த்து, 8,320 ரூபாய். புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு இக்கழிவே கிடையாது. ஆகவே வரிச் சலுகையை முதன்மைக் காரணமாக வைத்து நன்கொடை கொடுப்பவர் ஏமாற்றமடையக்கூடும்.

ரொக்கமாகக் கொடுப்பதில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைக்குக் கழிவு இல்லை. காசோலை, வங்கிப் பரிமாற்றம் போன்ற வழிகளில் கொடுத்தால்தான் உண்டு. பொருளாகக் கொடுப்பதற்கும் இல்லை. பலர் நடைபயிற்சி இயந்திரத்தையோ எக்கோ கருவியையோ தாமே வாங்கி மருத்துவமனைக்கு அனுப்புவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் அதே தொகையை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தி, எதற்காகச் செலவிட வேண்டும் என்று கடிதம் கொடுத்திருந்தால் கழிவைக் கோரியிருக்கலாம். தெரிந்த நோயாளி ஒருவரின் அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தை நாமே செலுத்துவதும், எவ்வளவு நல்ல செயலானாலும், 80ஜியில் நன்கொடையாகாது.

அந்தக் கடிதத்துக்கு வரிக்கணக்கைத் தாண்டியும் மதிப்பு உண்டு. இயந்திரங்களுக்கு நன்கொடையாளர்கள் எளிதில் கிடைக்கிறார்கள், பெயர்ப்பலகை பொருத்த இடமும் இருக்கிறது. ஆனால் மறுவாழ்வுக் கூடத்தை இயக்குவது ஆட்களின் உழைப்பு. 30 மீட்டர் நடைபாதையில் நோயாளி 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து, மார்பில் ஒட்டிய பட்டைகள் வழியாக இசிஜியைக் கண்காணித்து, மூச்சுத் திணறல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுப் பயிற்சியை ஏற்றவோ குறைக்கவோ செய்யும் இயன்முறை மருத்துவரின் மாதச் சம்பளத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. என் கருத்தில், முதலில் நிதி தேவைப்படுவது அங்கேதான். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும், அதாவது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி சராசரி நிகர லாபத்தில் செலவிட வேண்டிய 2 விழுக்காடும், இதற்கு உதவும். ஆனால் தொடர் திட்டம் என்று காட்டினாலும் அதன் காலம் தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து 3 ஆண்டுகளுக்கு மேல் போக முடியாது. அதன் பிறகு சம்பளத்துக்கு வேறு வழி தேட வேண்டும்.

நீண்ட கால வழி மூலநிதி நன்கொடை. தொகை மூலநிதியில் சேர வேண்டும் என்று நன்கொடையாளர் தெளிவாக எழுதிக் கொடுத்தால், அறக்கட்டளை அதைச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் வைத்து, கிடைக்கும் வட்டியைச் செலவிடும். அப்படி எழுதாவிட்டால் அது பொது வருமானமாகக் கணக்கிடப்பட்டு, பெரும்பகுதியை அவ்வாண்டிலேயே செலவிட வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு ஏற்படும்.

பெயர் குறிப்பிடாத நன்கொடைக்கும் ஒரு விதி உண்டு: ஓராண்டின் மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டும் பகுதிக்கு நிறுவனம் 30 விழுக்காடு வரி செலுத்த நேரிடும். எனவே பெயர் வெளியில் தெரிய வேண்டாம் என்று விரும்புபவரும், அறக்கட்டளையின் பதிவேட்டில் தம் பெயரையும் முகவரியையும் கொடுப்பதே நல்லது.

நன்கொடை கொடுக்கும் முன் அறக்கட்டளையின் 80ஜி ஒப்புதல் எண்ணையும் அது செல்லுபடியாகும் காலத்தையும் கேட்டு, வருமான வரித் துறையின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் அந்நிறுவனம் நன்கொடையாளர் விவரங்களைப் படிவம் 10பிடியில் துறைக்குத் தாக்கல் செய்து, நமக்குப் படிவம் 10பிஇ சான்றிதழை அனுப்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் நிறுவனத்தின் மேல் விழும். வெறும் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு கழிவு கோருவது இப்போது போதாது. ஜூன் மாதம் பிறந்தும் சான்றிதழ் வராவிட்டால், பான் எண் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று நிறுவனத்திடம் கேட்டு, கணக்குத் தாக்கலுக்கு முன்பே திருத்தம் செய்ய வைக்க வேண்டும்.