பொருளாளர் இறந்த மே மாதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணக்காளராக இருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சின்னச் சின்ன மன்றங்களின் ஆண்டுக் கணக்கைக் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுப்பது பல வருட வழக்கம். கால்பந்து மன்றம், காவடிக் குழு, ஈமச் சங்கம் என்று எத்தனையோ பேரேடுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒரு பனிச்சறுக்கு மன்றத்துக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். கெட்டவர் ஒருவர்கூட இல்லாத கதை இது. அதனால்தான் எல்லா மன்றங்களும் இதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டர்பனில் பனி ஏது என்று கேட்பீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பக்கத்து நாடான லெசோத்தோவின் மலூட்டி மலையில், மூவாயிரம் மீட்டருக்கும் மேலே, ஆஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு விடுதியில் சறுக்கலாம். ஹாரிஸ்மித், கிளாரன்ஸ் வழியாகப் போய் காலிடன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டி மோடெங் கணவாய் ஏற வேண்டும். பனி பெய்யாவிட்டாலும் இரவுக் குளிர் போதுமான அளவு இருந்தால் இயந்திரம் வைத்துப் பனி செய்வார்கள். நம் பிள்ளைகள் முப்பது பேர் போல வருடம் ஒருமுறை வேன் பிடித்துப் போய்வந்தார்கள். மார்ச்சில் சந்தா, ஏப்ரல் மே மாதங்களில் பயணப் பணம், ஜூலையில் பயணம். ஒரு வருடத்தின் பணம் முழுவதும் மூன்றே மாதத்தில் வந்து சேர்ந்து, அடுத்த இரண்டு மாதத்தில் வெளியே போய்விடும்.

பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாருக்கும் அங்கிள். பதினோரு வருடமாக அவரேதான். பொதுக்கூட்டத்தில் பொருளாளர் பதவி என்று வாசித்ததும் எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள், யாராவது ஒருவர், "போன வருஷம் செய்தவரே செய்யட்டும்" என்பார், கைதட்டல் விழும்.

மன்றத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. அதில் கையெழுத்துப் போடும் உரிமை இருந்த இருவரும் கேப் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். கையெழுத்தை மாற்ற வேண்டுமென்றால் மன்றத்தின் சட்டவிதி, குழுத் தீர்மானம், ஒவ்வொருவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று எல்லாம் வங்கி கேட்கும். ஃபிகா என்று நாம் சொல்லும் 2001ஆம் ஆண்டு நிதிப் புலனாய்வு மையச் சட்டம் அப்படி. ஆளாளுக்கு வேலை. "சரி, என் கணக்கிலேயே போடுங்கள்" என்றார் அங்கிள். அவர்மேல் யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் அந்த வருடம் நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

மே மாத நடுவில் அங்கிள் மாரடைப்பில் போய்விட்டார்.

ஒருவர் இறந்த செய்தி தெரிந்ததும் வங்கி அவர் கணக்கை முடக்கிவிடும். அந்தக் கணக்கில் கிடப்பது அவர் பணமா, முப்பது பேர் சறுக்கப் போகக் கட்டிய பணமா என்று வங்கிக்குத் தெரியாது. இறந்தவரின் சொத்து 250,000 ராண்டுக்குள் இருந்தால் இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்து மாஸ்டர் அலுவலகம் எளிய முறையில் ஓர் அதிகாரக் கடிதம் கொடுக்கும். அங்கிளுக்கு வீடு இருந்தது. ஆகவே கடனை அடைத்துச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிகியூட்டர் ஒருவரின் நியமனம் வேண்டியிருந்தது. அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் போட்டு, கடன்காரர்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டியிருந்தது. நம் மன்றமும் அந்தக் கடன்காரர் வரிசையில் போய் நின்றது. விடுதிக்கு மீதிப் பணம் கட்ட வழியில்லை. ஜூலையும் போயிற்று.

கோரிக்கை எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். வங்கி அறிக்கையில் தன் பெயரைக் குறிப்பிட்டுப் பணம் அனுப்பியவர்களுக்குச் சிக்கல் இல்லை. வெறும் 'ஸ்கி' என்று போட்டவர்களை வாட்ஸ்அப் செய்தியோடு ஒப்பிட்டு ஒருவர் ஒருவராகத் தேடினோம். கோயில் வாசலில் கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள் ஆறு பேர், ரசீது இல்லை. அங்கிளிடம் ரசீது கேட்பதா என்று கூச்சப்பட்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே பேச்சு கிளம்பியது. அங்கிளின் மனைவி, ஆன்ட்டி, பணத்தை வைத்துக்கொண்டு தராமல் இருக்கிறார் என்று. அந்த அம்மாவால் தன் கணவரின் கணக்கிலிருந்து ஒரு ராண்டுகூட எடுக்க முடியாத நேரம் அது. "அவர் ஒரு சதம் தொட்டிருப்பாரா தம்பி?" என்று அவர் என்னைக் கேட்டதை மறக்க முடியவில்லை. பதினோரு வருடம் உழைத்தவரின் பெயருக்கு நாங்கள் வைத்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

இந்த ஊரிலேயே நமக்கு முன்மாதிரி உண்டு. 1894இல் இங்கே நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது செயலாளர் காந்தி. வேண்டாம் என்றவர்களுக்கும் ரசீது எழுதிக் கொடுப்பது அவர் முறை. மாதம் குறைந்தது ஐந்து ஷில்லிங் என்று வைத்த சந்தா ஒழுங்காக வரவில்லை என்று கண்டதும், வருடத்துக்குக் குறைந்தது மூன்று பவுண்டு என்று மாற்றினார்கள், வசூல் சுலபமாயிற்று. ஆள் இல்லாத சின்ன மன்றங்களுக்கு வருடச் சந்தாவைத்தான் நானும் சொல்கிறேன்.

மன்றத்தின் பணம் மன்றத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குக்கூட வேறெங்கும் போகக்கூடாது. ஒருவர் பணம் அனுப்ப ஏற்பாடு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் போகும்படி வங்கியில் அமைத்துக்கொள்ளலாம். பொருளாளரோடு ஒரு துணைப் பொருளாளரும் இருந்து, இரண்டாம் வருடம் இடம் மாறிக்கொள்ளட்டும். பயணப் பணத்தைச் சந்தாவோடு கலக்காதீர்கள். பயணம் நடந்து முடியும்வரை அது உறுப்பினருக்கு மன்றம் பட்டிருக்கும் கடன். ஏப்ரல் மாதத்து இருப்பைப் பார்த்து மன்றம் பணக்கார மன்றம் என்று எண்ணி, புதுச் சறுக்குக் கட்டைகள் வாங்கிய குழுவையும் பார்த்திருக்கிறேன்.

குழுவில் யார் யார் என்பதும் முக்கியம். பொழுதுபோக்கு மன்றங்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 30ஏ பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் நாட்டின் வரித் துறையான சார்ஸிடம் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். பணப் பொறுப்பை ஏற்கும் குழுவில் ஒருவருக்கொருவர் உறவில்லாத மூவராவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் மன்றங்களில் தலைவர் கணவர், செயலாளர் மனைவி, பொருளாளர் தம்பி. அன்பால் வந்த ஏற்பாடுதான், சட்டம் ஏற்காது. சமூக மேம்பாட்டுத் துறையில் 1997ஆம் ஆண்டு லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி பதிந்த மன்றம் என்றால், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். பொறுப்பில் இருந்தவர் போனதும் அடுத்தவருக்கு அந்தத் தேதியே தெரியாமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

எக்ஸிகியூட்டர் கோரிக்கையை ஏற்று, சான்று இருந்தவர்களின் பணம் அடுத்த வருடம் பிப்ரவரியில் வந்தது. புதுக் கணக்கில் இப்போது மூன்று பேர் கையெழுத்து. ரொக்கம் கொடுத்த ஆறு பேரின் பணத்தை மன்றமே சந்தாவிலிருந்து இரண்டு பருவமாகத் திருப்பித் தருவதாகத் தீர்மானம் போட்டார்கள். இரண்டாம் பருவத்தின் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது.