ஊட்டிக் குளிரிலும் லேப்டாப் ஏன் கொதிக்கிறது?

கோத்தகிரியில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் போன வாரம் கேட்டார்: "வெளியே பன்னெண்டு டிகிரி. நான் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கேன். இந்த எட்டு வருஷ லேப்டாப் மட்டும் ஏன் தம்பி கொதிக்குது? ஃபேன் போடுற சத்தத்துல நான் சொல்றது பசங்களுக்கே கேக்க மாட்டேங்குது."

நியாயமான கேள்விதான். மின்சாரம் ஓடினால் சூடு, சூட்டை ஃபேன் வெளியே தள்ளும், தாங்காவிட்டால் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் தெரிந்ததே. ஆனால் மலையில் காற்று மெல்லியது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே 15 டிகிரியில் இருக்கும் காற்று சென்னையின் 32 டிகிரிக் காற்றைவிடக்கூட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசானது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டைச் சுமந்துபோக ஆள் குறைவு. குளிரால் வரும் லாபத்தில் ஒரு பகுதியை இதுவே தின்றுவிடும். மிச்சத்தை ரஜாய் தின்கிறது. குளிருக்குக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் மேலேயே லேப்டாப்பை வைத்தால், காற்று இழுக்கும் துளைகள் அடியில் அடைபட்டுப் போகின்றன, கம்பளி நூலும் உள்ளே போகிறது. அக்காவின் லேப்டாப்பைத் திறந்தபோது ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே விரல் நகம் கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், உரித்தால் துணி மாதிரி முழுசாக வந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த விபூதியும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும். சாமி கும்பிடுவதில் எனக்கு ஒன்றும் இல்லை, பொட்டை மூடியின் மேல் வையுங்கள், காற்றுத் துளையில் வேண்டாம்.

இதற்கு முன் அவர் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "பைப்ல கேஸ் தீர்ந்துபோச்சு, மாத்தணும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகை கேட்டார்களாம். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது, ஏனென்றால் லேப்டாப்புக்குள் நான் உயிராய் நேசிக்கும் ஒரே பொருள் அந்தப் பைப்தான்.

ப்ராசஸரிலிருந்து ஓரத்துத் தகடுகள் வரை ஓடும் அந்தத் தட்டையான செம்புக் குழாய்க்குப் பேர் ஹீட் பைப். கெட்டிச் செம்புக் கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே வெற்றிடம், உட்சுவரில் செம்புத்தூளைச் சுட்டு ஒட்டிய சொரசொரப்பான ஒரு திரி, அந்தத் திரியை நனைக்கிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். அவ்வளவுதான். மலையில் பருப்பு வேகாது, குக்கர் வேண்டும் என்பது இங்கே எல்லா அடுப்படிக்கும் தெரியும். காற்றழுத்தம் குறைவதால் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அந்த அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால்? குழாய்க்குள் காற்றே இல்லாததால் தண்ணீர் 40 டிகிரியிலேயே ஆவியாகிறது. ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மீண்டும் தண்ணீராகி, சுமந்துவந்த உள்ளுறை வெப்பத்தைத் தகடுகளிடம் கொடுத்துவிடுகிறது. அப்புறம் குத்துவிளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, அந்தத் தண்ணீர் செம்புத் திரி வழியாகவே திரும்ப ஊர்ந்து வருகிறது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும், அதே ஒரு கிராம் அங்கே ஆவியாகும்போது 2,400 ஜூலை அள்ளிக்கொண்டு போகிறது. 30 வாட் ப்ராசஸர் என்றால் நிமிடத்துக்கு முக்கால் கிராம் தண்ணீர் போய் வந்தாலே வேலை முடிந்தது!

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் இதைச் செய்து காட்டியது விண்வெளியில் மின்சாரம் தயாரிக்கும் ஆராய்ச்சிக்காக. அவர் மனதில் லேப்டாப் இருந்திருக்க வழியே இல்லை. "இதனால் நாளைக்கு என்ன பயன்?" என்று கேட்டுக் கேட்டு நிதியை வெட்டுகிறவர்களுக்கு இந்தக் குழாயில் ஒன்றைப் பரிசாக அனுப்ப வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

சரி, அக்காவின் பைப் செத்துவிட்டதா என்று பார்க்க, கழற்றி ஒரு முனையை டம்ளர் வெந்நீரில் விட்டேன். மறுமுனையைப் பிடித்திருந்த விரலை இரண்டே வினாடியில் எடுக்க வேண்டியிருந்தது. பைப் நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டை விழாமல், மடங்காமல் இருந்தால் அது லேசில் கெடாது. கெட்டிருந்தது தெர்மல் பேஸ்ட். ப்ராசஸருக்கும் செம்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பும் அந்தப் பசை வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. பசை போன இடத்தில் காற்று புகுந்துவிடும், வெப்பத்தைக் கடத்துவதில் காற்றுக்கும் செம்புக்கும் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பழைய பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவுக்குக் குறைவாகப் புதுசு வைத்தோம். தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும். விண்டோஸின் பவர் அமைப்புகளில் ப்ராசஸரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினேன். ஒரு சதவீதத்தில் என்ன வந்துவிடும் என்று அக்கா கேட்டார். பெரும்பாலான லேப்டாப்களில் அது டர்போவையே, அதாவது ப்ராசஸர் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவதையே, நிறுத்திவிடும். டர்போவில் வோல்டேஜ் ஏறுகிறது, சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுகிறது, டியூஷன் நடத்த அந்த வேகம் தேவையும் இல்லை. ஃபேன் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், காதுக்கு அது பாதியைவிடவும் குறைவாகக் கேட்கும்.

நீங்களே திறப்பதாக இருந்தால் பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். திருகுகளை லேப்டாப்பின் அடிப்பக்கப் படம் வரைந்த தாளில் அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள், நீளம் ஒன்றுபோல் இருக்காது. நான் தட்டில் கொட்டி வைத்ததால் மாட்டி முடித்தபின் ஒன்று மிச்சம், இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.