பேசாமலே இருந்தாலும் நட்பு நிற்கும் என்று யார் சொன்னது?

தொடர்பு விட்டுப்போன பள்ளித் தோழியை நினைத்து அழுகிறவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். போன வாரம் இன்னொருவர். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியவர், தூக்கமே வருவதில்லை என்று ஆலோசனைக்கு வந்தார். இரண்டாவது சந்திப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. தொடக்கப்பள்ளியில் 6 வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த தோழியின் அம்மா தவறிப்போனதை, மூன்று மாதம் கழித்து ஃபேஸ்புக்கில் பார்த்திருக்கிறார். "பதினோரு வருஷமா ஒரு ஃபோன்கூட பண்ணல, இப்ப எந்த முகத்தோட பேசுறது மேடம்?" இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கணவர் கேட்டாராம்.

அழுவார்கள். விசாரிக்க யாரும் வராத துக்கம் இது. இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்கு 1989இலேயே அமெரிக்கத் துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா தனிப்பெயர் வைத்துவிட்டார்.

என்னிடம் வந்தவரின் கைப்பையில் இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல் இருந்தது. இரண்டு சிறுமிகள் முதுமைக்குள் நுழையும்வரை நான்கு பாகமாக நீளும் கதை. இருவரும் கெட்டிக்காரிகள், ஆனால் ஒருத்தி மேலே படிக்கிறாள், செருப்புத் தைப்பவரின் மகளைத் தொடக்கப்பள்ளியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பிரிவை இங்கே சிங்கப்பூரில் பலருக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ தொடங்கி வைக்கிறது: 12 வயதில் வேறு வேறு பள்ளி, அப்புறம் ஒருத்தி ஜூனியர் காலேஜ், இன்னொருத்தி பாலிடெக்னிக், கல்யாணம், ஒரு வீடு வடகிழக்கே பொங்கோலில், மற்றது மேற்கே ஜூரோங்கில். சண்டையே இல்லை என்றுதான் வருகிறவர்களில் பலரும் சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு பேச்சில்தான். உண்மையான நட்பு என்றால் பார்க்காமல், பேசாமல் இருந்தாலும் அப்படியே இருக்குமாம். உடனே 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' குறளை எடுத்துக்கொள்வார்கள், பிசிராந்தையாரையும் இழுப்பார்கள். அவர் சும்மாவா இருந்தார்? நண்பன் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து கிளம்பி வந்தாரே! அதே அதிகாரத்தில் இரண்டு குறளுக்கு முன்னால், படிக்கப் படிக்க நூல் இனிப்பதுபோல் பழகப் பழக நட்பு இனிக்கும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். பயில்தொறும் என்கிறார், கவனியுங்கள். பழகாமல் விட்ட நட்பு இருபது வருஷம் கழித்து அப்படியே காத்திருக்கும் என்று நம்பித்தான் இத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து அழுகிறார்கள்.

அம்மாக்களே, மகள் வேறு பள்ளிக்குப் போகும்போது தோழி வீட்டு எண்ணை வாங்கி வையுங்கள். விடுமுறையில் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். 'புது ஸ்கூல்ல வேற ஃப்ரெண்ட் கிடைப்பா' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கணவர்களே, மனைவி தோழியைப் பார்த்துவர ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் ஆலோசகரைப் பாருங்கள். நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் தேசிய மனநல உதவி எண் 1771 24 மணி நேரமும் உண்டு.

பேச நினைப்பவர்கள் விளக்கம், மன்னிப்பு எல்லாம் எழுதி அழித்து எழுத வேண்டாம். 'அம்மா போனது இப்பத்தான் தெரிஞ்சுது, நீ எப்படி இருக்க?' இவ்வளவு போதும், இன்றைக்கே அனுப்புங்கள். பதில் வராமலும் போகலாம். அப்படியானால் தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அனுப்பிப் பாருங்கள், அதற்குமேல் துரத்த வேண்டாம்.