சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையிலேயே மனநல சிகிச்சையும்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. "உடம்பெல்லாம் எரியுது", "நெஞ்சு படபடங்குது", "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல" என்றுதான் சொல்வார்கள். இ.சி.ஜி. சரியாக இருக்கும், ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இருக்காது. ஒரு சத்து ஊசி, வாயுவுக்கு ஒரு மாத்திரை என்று வாங்கிப் போய், அடுத்த வாரமே திரும்பி வருவார்கள். இப்படி வருபவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வு அல்லது பதற்ற நோய்.

மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஒரு அம்மாவுக்குச் சில மாதங்களாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டேன். "ரெண்டு வாரமா மனசு சோர்ந்து போயிருக்காம்மா? முன்னாடி பிடிச்ச விஷயத்துல இப்பவும் நாட்டம் இருக்கா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அடுப்படிக்குப் போகவே பிடிக்கல டாக்டரம்மா. மாத்திரைய கையில எடுப்பேன், இத முழுங்கி என்ன ஆகப்போகுதுன்னு அப்படியே வெச்சிடுவேன்" என்றார். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றாவதாக, வாழ்ந்தது போதும் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு அதைச் சொல்லிவிடுவதே ஆறுதல். ஆம் என்றால் தனியே அனுப்பக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றே அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும்.

தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே தொல்லைகளைத் தரும் என்பதால் அவற்றையும் பார்க்கிறோம். பிறகு தேவைப்படுவோருக்கு ஃபுளூஆக்ஸிடின் போன்ற மனச்சோர்வுக்கான மாத்திரை. இது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் குமட்டல் வரலாம். பலன் தெரியும் முன்பே, "தூக்க மாத்திரை, பழகிடும்" என்று யாராவது சொல்ல, நிறுத்திவிடுகிறார்கள். பழக்கமாகிவிடும் ஆபத்து பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம் போன்றவற்றுக்குத்தான் உண்டு. இடையில் செவிலியர் ஒருமுறை போன் செய்து கேட்டாலே பலர் தொடர்கிறார்கள்.

அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியது. அதன்படி மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வந்து பார்ப்பது பெரிய உதவிதான். ஆனால் அன்று அந்த மேசைக்கு முன்னால் உட்காரப் பெண்கள் தயங்குகிறார்கள். ஊரே பார்க்கும், மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் என்ற பயம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நிற்கும் அதே வரிசையில், அதே சீட்டில் இந்த மாத்திரையும் எழுதப்பட்டால் அந்தத் தயக்கம் பெருமளவு குறையும்.

காலை நேரக் கூட்டத்தில் மருத்துவருக்கு நேரம் இருக்காது, உண்மைதான். பிரஷர் பார்க்கும் செவிலியரே அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். கோவாவில் மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தினார்கள். அங்கே நோயாளிகள் கூடுதலாகக் குணமடைந்தது 2010-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இங்கே 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு போகிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பயிற்சி தர வேண்டும். காதில் குரல் கேட்பவர்கள், பிரசவத்துக்குப் பின் மனம் தடுமாறும் தாய்மார்கள், குடியை நிறுத்தியதும் வலிப்பு வருபவர்கள் ஆகியோரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஆரம்ப சுகாதாரம் உட்பட எல்லா நிலைகளிலும் மனநல சேவையை இணைக்கச் சொல்கிறது. அதனால் உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் தயங்காமல் கேளுங்கள். அம்மாவோ அப்பாவோ வலி என்று திரும்பத் திரும்ப ஊசி போட்டு வந்தால், அடுத்த முறை கூடவே போய், தூக்கமும் பசியும் எப்போதிலிருந்து குறைந்தன என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரில் போக முடியாதபோது அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.