பொண்ட் காசு போனபிறகும் கணக்குக் கேட்கலாம்

"வங்கியில இருந்து கோல் வந்தது மிஸ். திங்கட்கிழமை காசை அவங்களுக்குக் குடுக்கப் போறாங்களாம். நான் வேலையை முடிச்சுக் குடுத்திட்டன்தானே?"

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் புதுக்கடையில் உள்ள என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு ஓடிவந்த வெள்ளவத்தைக் கொந்தராத்துக்காரர் ஒருவர் கேட்டது இது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களைத் தவிர்த்து எழுதுகிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்துக்கு அலுமினிய வேலை. ஒப்பந்தம் 4 கோடி ரூபா. அதில் 10 வீதத்துக்கு, அதாவது 40 இலட்சத்துக்கு, பெர்ஃபோமன்ஸ் பொண்ட்: இவர் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் வேலை தந்தவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் பிணை. மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த நிலையான வைப்பை ஈடாக வைத்துத்தான் வங்கி அதைக் கொடுத்திருந்தது.

பொண்டை மேசையில் விரித்தோம். எழுத்தில் கேட்ட மாத்திரத்தில், காரணமோ ஆதாரமோ கேளாமல் வங்கி பணம் கொடுக்கும் என்று அதில் இருந்தது. இந்த வரியை அவர் அன்றுதான் முதன்முதலாக வாசித்தார். இப்படி எழுதப்பட்ட பிணை வங்கியின் தனி வாக்குறுதி. வேலை தந்தவரோடு உங்களுக்குள்ள பிணக்கை வங்கி விசாரிக்காது. 1977இல் இங்கிலாந்தில் தீர்ந்த எட்வர்ட் ஓவன் வழக்கில், லிபியாவுக்குப் பசுமைக்குடில்கள் வழங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பிணை கொடுத்திருந்தது. வாங்குபவரோ விலைப் பணத்துக்கு வங்கி உத்தரவாதமான நாணயக் கடிதத்தை (letter of credit) ஒப்பந்தப்படி திறக்கவில்லை. அப்படியிருந்தும் வங்கி பணம் செலுத்தவே வேண்டும் என்றது நீதிமன்றம். வங்கிக்குத் தெரியவந்த தெளிவான மோசடி மட்டுமே விதிவிலக்கு. நம் நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போகின்றன. "அவங்கள் பொய் சொல்றாங்கள்" என்ற ஆத்திரத்தை வைத்துத் தடையுத்தரவு எடுக்க முடியாது என்று அவரிடம் சொன்னேன்.

பணம் போனதும் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமை அதில்தான். முதலில் கொடு, பிறகு வாதாடு என்பதுதான் இந்தப் பிணையின் ஏற்பாடு. அந்தப் 'பிறகு' உங்களுக்குரியது. நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் நட்டஈடு என்பது, ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் மற்றவர் இருந்திருக்கக்கூடிய நிலைக்கு அவரைக் கொண்டுவருவது. அதற்கு மேல் இலாபம் தருவதல்ல. பங்களாதேஷ் சீனிக் கொள்வனவு தொடர்பான கார்கில் வழக்கில், பிணைப் பணம் உண்மையான இழப்பைவிடக் கூடுதலாக இருந்தால் மிகுதியைத் திருப்பிக் கேட்கலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. அது நம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆனாலும் வாதாட வலுவான அடிப்படை. இழப்பு பிணையைவிடக் கூடினால் மிச்சத்துக்கு நீங்கள் பொறுப்பு என்பதையும் மறக்கக்கூடாது.

இவருடைய பில்களைப் பார்த்தபோது நெஞ்சு பதறியது. தாமதத்துக்கென்று 18 இலட்சம் ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். அதே தாமதத்தைச் சொல்லித்தான் பொண்டையும் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் நான்காம் மாடியை வேலைக்காக இவரிடம் ஒப்படைக்கவே அவர்கள் ஆறு வாரம் பிந்தியிருக்கிறார்கள். அதைப் பற்றிக் கடிதம் போட்டீர்களா என்று கேட்டேன். இல்லை. சைட் எஞ்சினியருக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி ஒன்று மட்டும் இருந்தது: "சேர், 4வது மாடி எப்ப தருவீங்க?" திகதியோடு அதை அச்செடுத்து, கணக்குக் கேட்டுக் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம்.

பதினான்கு மாதத்தில் பேசித் தீர்ந்தது. திருத்தவேண்டிய பலகைகளுக்கு 7 இலட்சம் போக மிச்சம் 33 இலட்சம் திரும்பி வந்தது. மகளின் கலியாணம் அதற்குள் கடனில் நடந்து முடிந்திருந்தது.