‘இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தார்’

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு சந்தேகம் கேட்கத்தான் அந்தக் கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. எழுந்து கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னார்: "இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல மாடி வீடு ஒண்ணு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுக்கா. லீசிங் ஆபீஸ்ல இருந்தவங்க தங்கமான மனுஷி. சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருக்கே, மாடிப்படி, பால்கனி எல்லாம் ஆபத்தாச்சே, பின்பக்கம் கீழ்த்தளத்துல ஒண்ணு காலியாகும், கூப்பிடுறேன்னாங்க. கூப்பிடவே இல்ல."

அவர்களை மறுபடி உட்காரச் சொன்னேன்.

மாடி வீடு தங்கள் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பெற்றோர். வாடகைக்கு விடுபவருக்கு அந்த உரிமை இல்லை. குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு குடும்பத்தை ஒரு வீட்டிலிருந்து தள்ளி இன்னொரு வீட்டின் பக்கம் திருப்பிவிடுவது அமெரிக்காவில் 1988-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி சட்டமீறல். எவ்வளவு அக்கறையோடு சொன்னாலும் அது சட்டமீறல்தான். ‘எங்க நல்லதுக்குத்தானே சொன்னாங்க’ என்று அந்தத் தம்பதி பதினான்கு மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அரசிடம் புகார் கொடுக்க ஓராண்டுதான் கெடு. அது போய்விட்டது. நீதிமன்றத்துக்கு நேராகப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு என்றேன். "கோர்ட்டா? வேண்டாம்க்கா, விசா வேற இருக்கு" என்று கணவர் எழுந்துவிட்டார்.

கலிபோர்னியாவில் வீட்டு வாடகைப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். மாலையில், சம்பளமில்லாமல், எங்கள் நகர மன்றம் நியமித்த ஹியூமன் ரிலேஷன்ஸ் கமிஷனில் (மனித உறவுகள் ஆணையம்) உறுப்பினராகவும் இருக்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் ஆட்கள் எல்லாம் அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டவர்கள். தொழிலில் நான் பார்க்கும் வழக்குகளில் பாதி, யாராவது மூன்று மாதம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்காகவே ஆகியிருக்காது. அந்த வார்த்தையைச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள் அல்லர், தன்னார்வலர்கள்தான். அவர்களைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரியவே தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1915-ல் வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர் மனைவி கலா பகாயுடனும் மூன்று மகன்களுடனும் சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்கினார். பெர்க்லியில் ஒரு வீடு வாங்கினார்கள். மூட்டை முடிச்சுகளோடு குடிபோன அன்று, அவர்கள் உள்ளே நுழையக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சொந்த வீடு! இப்படிப்பட்டவர்கள் நடுவில் என் பிள்ளைகளை வளர்க்கமாட்டேன் என்று கலா சொல்லிவிட, அப்படியே திரும்பிப் போனார்கள். 1923-ல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதி இல்லை என்றது. வைஷ்ணோ தாஸ் உள்பட ஏற்கெனவே பெற்றவர்களின் குடியுரிமையையும் அரசு பிடுங்கியது. 1928-ல் வைஷ்ணோ தாஸ் தற்கொலை செய்துகொண்டார். கலா தாக்குப்பிடித்து வாழ்ந்தார். அவரை உள்ளே விடாத அதே பெர்க்லி, உள்ளூர்க்காரர்கள் விடாமல் கேட்டதன் பேரில், 2020-ல் ஒரு தெருவுக்குக் கலா பகாய் வே என்று பெயர் வைத்தது. நகர மன்றத்திடம் பேசிப் பேசி வாங்கிய பெயர் அது.

1963-ல் கலிபோர்னியா சட்டமன்றம் வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கும் 14-ஆம் முன்மொழிவை மக்கள் பெரும்பான்மை வாக்கில் நிறைவேற்றினார்கள். யாருக்கு வீடு கொடுப்பது என்பது என் இஷ்டம் என்பதுதான் அதன் சாரம். 1967-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1968 ஏப்ரல் 4-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11-ல், வீடு தருவதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று நாடு முழுமைக்குமான ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு என்று தொடங்கிய பட்டியலில் 1974-ல் பாலினமும், 1988-ல் மாற்றுத்திறனும் குழந்தைகளோடு வாழும் நிலையும் சேர்ந்தன. கலிபோர்னியாவின் பட்டியல் இன்னும் நீளம். வாடகை உதவி வவுச்சர் வைத்திருப்பவரை அதைக் காரணம் காட்டி 2020 முதல் தள்ள முடியாது. குடியேற்ற நிலை என்னவென்று வீட்டுக்காரர் கேட்கவே கூடாது. அந்த விசாக் கணவருக்கு இதையெல்லாம் சொல்வதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம்? யாரும் முகத்துக்கு நேரே ‘உனக்கு இல்லை’ என்று சொல்வதில்லை. ‘இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தார்’ என்கிறார்கள். ‘பெயரை எழுதி வச்சுக்கிறேன்’ என்கிறார்கள். ஒரு மனிதருக்குக் கிடைத்த பதிலை மட்டும் வைத்துக்கொண்டு அது பொய்யா மெய்யா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டு பேருக்குக் கிடைத்த பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

டெஸ்டர்கள் எனப்படும் தன்னார்வலர்கள் வருவது அங்கேதான். ஒருவர் காலையில் போய் வீடு கேட்பார். அதே சம்பளம், அதே வேலை, அதே குடும்ப அளவு என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர் மதியம் போவார். நிறமோ, பேச்சின் சாயலோ, பெயரோ ஒன்று மட்டும்தான் வேறு. புகார் கொடுத்தது யார், எதற்காக இந்தச் சோதனை என்று இருவருக்குமே சொல்லமாட்டார்கள். தெரிந்தால் தேடியதுதான் கண்ணில் படும். திரும்பி வந்ததும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். மணி என்ன, வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், எத்தனை வீடு காட்டினார்கள், வாடகை எவ்வளவு சொன்னார்கள், விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார்களா, இணையத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களா. ‘என்னை அலட்சியமாகப் பார்த்தார்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ‘கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்’ என்று எழுத வேண்டும். பொய்யாக வீடு தேடிப்போன டெஸ்டருக்கு வழக்குப் போடும் உரிமை உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பொய்த் தகவல் கொடுக்கப்பட்ட டெஸ்டருக்கு உரிமை உண்டு என்று 1982-ல் ஹேவன்ஸ் ரியால்டி வழக்கில் தீர்ப்பானது.

எனக்கு அதைவிடப் பிடித்த தீர்ப்பு 1972-ல் வந்தது, டிராஃபிகான்டே வழக்கு. சான் பிரான்சிஸ்கோவில் பார்க்மெர்சட் என்ற பெரிய குடியிருப்பு. அன்றைக்குச் சுமார் 8,200 பேர் வாழ்ந்த இடம். அங்கே வெள்ளையரல்லாதவருக்கு வீடு தர மறுக்கிறார்கள் என்று வழக்குப் போட்டவர்கள், வீடு மறுக்கப்பட்டவர்கள் அல்லர். ஏற்கெனவே உள்ளே குடியிருந்த இரண்டு பேர், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். ‘உங்களுக்கு என்ன நஷ்டம்?’ என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. பலதரப்பட்ட மக்களோடு கலந்து வாழும் வாய்ப்பை இழந்ததும் நஷ்டம்தான் என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்கு யார் வரமுடியாமல் போனார் என்பதில் நமக்கும் பங்கு உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

கமிஷன் என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துவிடாதீர்கள். 1943-ல் டெட்ராய்ட் இனக்கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். இனி அடிதடி ஆகும்வரை காத்திருக்கக்கூடாது என்று நகரங்கள் இப்படிப்பட்ட குழுக்களை அமைக்கத் தொடங்கின. சிகாகோ 1943-லேயே, லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 1944-ல். எங்களைப் போன்ற சிறு நகரத்துக் கமிஷனுக்குத் தண்டிக்கும் அதிகாரமெல்லாம் கிடையாது. மாதம் ஒரு கூட்டம், யார் வேண்டுமானாலும் வந்து மூன்று நிமிடம் பேசலாம். கேட்டுக்கொள்வோம், சரியான அலுவலகத்துக்கு வழிகாட்டுவோம், நகர மன்றத்துக்குப் பரிந்துரைப்போம், ஆகஸ்டில் தெருக்கூடல் நடத்துவோம். பல கூட்டங்கள் சலிப்பானவை. நாற்காலி மடக்குவதில் நான் நிபுணியாகிவிட்டேன்.

ஆனால் சில சமயம் இரண்டு பேரை ஒரு மேசையில் உட்கார வைப்போம். ஒரு குடியிருப்பில் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கு, சமையல் நாற்றம் என்று நிர்வாகத்திடமிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் அபராதம். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தாளிப்பதையே நிறுத்திவிட்டார். குடும்பம் கொதித்துப்போயிருந்தது, நியாயம்தான். சமையல் வாசனையைச் சாக்காக வைத்து ஒரு நாட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்வது பூர்வீக நாட்டைக் காட்டிப் பாகுபடுத்துவதில் வந்து நிற்கலாம். மேல்வீட்டு மூதாட்டியையும் அழைத்தோம். அவருக்கு ஆஸ்துமா. மிளகாய் வெடிக்கிற நெடி ஏறினால் இன்ஹேலரைத் தேடி ஓடுகிறார். அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் தன்னார்வலர் ஒருவர், ஓய்வுபெற்ற மெக்கானிக், எல்லோரும் பேசி முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அடுப்புக்கு மேலே இருக்கிற ஃபேன் காற்றை எங்கே தள்ளுகிறது?" போய்ப் பார்த்தால் குழாய் நடுவில் கழன்று, நெடி முழுக்க நேராக மேல்வீட்டுச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. நிர்வாகம் செலவு செய்து சரிசெய்ய வேண்டிய குழாய் அது. அவர்கள் செலவழித்தது இரண்டு தபால்தலை.

எல்லாம் இப்படி முடியாது. கமிஷனில் பேசிக்கொண்டே இருந்ததில் கெடு தாண்டிப்போன ஒரு புகாரும் உண்டு. எங்கள் தவறுதான். இப்போது யார் வந்தாலும் முதலில் சம்பவம் நடந்த தேதியைக் கேட்கிறேன். பேச்சுவார்த்தை நடந்தாலும் கடிகாரம் நிற்காது. ஹட் என்கிற மத்திய வீட்டுவசதித் துறைக்கோ மாநில சிவில் ரைட்ஸ் துறைக்கோ புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வீடு பார்க்கப் போன நாள், பேசியவரின் பெயர், அவர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை, ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?’ என்று ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனியாக ஒரு சட்டமீறல்.

இதுவரை படித்துவிட்டுத் தலையாட்டியவர்கள், இனிமேல் வருவதையும் படியுங்கள். வாடகைக்கு வந்த தலைமுறை இப்போது வாடகைக்கு விடுகிறது. ஓய்வுபெறப் போகும் ஒரு பெரியவர், வேறொரு ஒப்பந்தத்தைக் காட்ட வந்தவர், தன் இரண்டாவது வீட்டுக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்ட விளம்பரத்தையும் காட்டினார். ‘சைவக் குடும்பம் மட்டும், நம்மவர்களுக்கு முன்னுரிமை.’

"சார், இதை உடனே எடுத்துருங்க" என்றேன்.

"ஏம்மா, என் வீடும்மா அது. கறி மீன் சமைச்சா வாசனை போகாது."

சைவம் என்பது பாதுகாக்கப்பட்ட அடையாளப் பட்டியலில் இல்லைதான். ஆனால் அந்தச் சொல் யாரையெல்லாம் வடிகட்டி அனுப்புகிறது என்று பார்த்தால் மதமும் பூர்வீகமும் சாதியும் அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. ‘நம்மவர்’ பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த ஒரு சொல் போதும் புகாருக்கு. தான் குடியிருக்கும் வீட்டிலேயே சமையலறையைப் பங்கிட ஆள் தேடுவது வேறு கணக்கு. ரூம்மேட்டைத் தேர்ந்தெடுப்பதில் இந்தச் சட்டங்கள் தலையிடாது என்று 2012-ல் இங்குள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முழு வீட்டை வெளியாருக்கு விடும்போது அந்தச் சலுகை இல்லை. அடுப்பைச் சுத்தமாக வைக்க வேண்டும், சுவர் கறைபட்டால் பணம் பிடிப்பேன் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதலாம். ஆளை வடிகட்டக்கூடாது.

சாதியைப் பற்றியும் சொன்னேன். 2023 பிப்ரவரியில் சியாட்டல், சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் அப்படியொரு மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி ஆளுநரிடம் போனது. இருக்கும் சட்டங்களிலேயே அதற்குத் தடை உண்டு என்று காரணம் சொல்லி அவர் கையெழுத்திட மறுத்தார். அதாவது, மசோதா விழுந்துவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களுக்கும் தடை உண்டு. ‘ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?’ என்று வீடு கேட்டு வந்தவரிடம் நாம் கேட்கும் மூன்று கேள்விகளின் வரிசை எதைத் தேடிப் போகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். நீதிபதிக்குத் தெரியவைக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் போதும்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 80-களில் நியூஜெர்சியில் வேலைக்கு வந்த புதிதில், போனில் வீடு இருக்கிறது என்றவர்கள் நேரில் போனதும் இல்லை என்ற கதையை அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. பிறகு போனை எடுத்து விளம்பரத்தைத் திருத்தினார். படுக்கையறை எத்தனை, வாடகை எவ்வளவு, எப்போது காலி. அவ்வளவுதான்.

வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, தமிழ் ஆளா இருந்தா, சும்மா பேச்சுக்கு, எந்த ஊருன்னு கூடவா கேக்கக்கூடாது?"

"தாராளமா கேளுங்க சார். சாவியைக் கொடுத்தப்புறம் கேளுங்க."