அட்டோல்: சொல்லும் அதற்குரிய தமிழும்

கடலடியிலிருந்து எழும்பிய பவளப்பாறை வளையம்போல் வளைந்து, நடுவே ஆழங்குறைந்த காயலைச் சூழ்ந்து நிற்கும் நில அமைப்பை அட்டோல் என்கிறோம். வளையத்தின் மேல் ஆங்காங்கே மணல் குவிந்து, தென்னை வளர்ந்து, மக்கள் குடியேறியிருக்கலாம். எங்கும் குடியில்லாமல் அலை மட்டுமே அடித்துக்கொண்டும் இருக்கலாம். எனவே இச்சொல் முதன்மையாகக் குறிப்பது தீவை அன்று, வளையத்தையும் அது அடைத்துவைத்திருக்கும் நீரையும்தான். தமிழாக்கத்தில் பெரும்பாலும் தவறிப்போவது இதுவே.

சொல்லின் பிறப்பிடம் மாலத்தீவு. அந்நாட்டுத் திவேகி மொழியில் இது ‘அத்தொளு’. திவேகிக்கு நெருங்கிய உறவுள்ள சிங்களத்தில் ‘உட்பகுதி’ என்னும் பொருள் தரும் சொல்லோடு இதை இணைத்துப் பார்த்தவர்கள் உண்டு. 1602இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கி, ஏறத்தாழ ஐந்தாண்டு அங்கேயே இருக்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் தம் பயணநூலில் இதை ‘அதொலோன்’ என்ற வடிவில் எழுதினார். ஐரோப்பிய எழுத்தில் தகரமும் டகரமும் ஒன்றே ஆகையால், அச்சொல் ஆங்கிலம் வழியே நம்மிடம் வந்தபோது ‘அட்டோல்’ ஆகிவிட்டது. நம் எழுத்தில் எளிதாக எழுதக்கூடிய தகரத்தையும் ளகரத்தையும் தொலைத்துவிட்டு, அண்டை வீட்டுச் சொல்லை ஊரெல்லாம் சுற்றிவரச் செய்து வாங்கியிருக்கிறோம்.

உலக வழக்கில் இச்சொல் நிலைபெற்றதற்கு 1842இல் பவளப்பாறைகளைப் பற்றி வெளிவந்த சார்லஸ் டார்வினின் நூல் பெருங்காரணம். எரிமலைத் தீவொன்று மெல்ல மெல்ல அமிழ, அதன் கரையைச் சுற்றி வளர்ந்த பவளம் ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்க, மலை மறைந்தபின் வளையம் மட்டும் எஞ்சுகிறது என்பது அவர் விளக்கம். 1952இல் பசிபிக் கடலின் எனிவெட்டாக் என்னும் அட்டோலில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் மேலான சுண்ணாம்புப் படிவத்தைக் கடந்த பின்பே எரிமலைப்பாறை தட்டுப்பட்டது; அவர் விளக்கம் அதனால் உறுதிப்பட்டது.

வளையமும் காயலும் எப்படி ஒரு வாழ்க்கையைத் தாங்குகின்றன என்பதை மினிக்காயில் காணலாம். இலட்சத்தீவுகளின் தென்கோடியில் இருக்கும் இதை ஊரார் மலிக்கு என்பர்; பேசுவது மகல் எனப்படும் திவேகியின் கிளைமொழி. ஏறத்தாழ 10 கி.மீ. நீளத்தில் பிறைபோல் கிடக்கும் நிலத்தின் பரப்பு ஐந்து சதுர கி.மீட்டரைக்கூட எட்டாது, மேற்கே பாறை அரணுக்குள் அடங்கிய காயலோ அதைப்போலப் பலமடங்கு பெரிது. மீனவர் அந்தக் காயலில் சிறுமீன்களைப் பிடித்து, உயிர் போகாமல் படகில் வைத்துக்கொண்டு அரணுக்கு வெளியே செல்கின்றனர். அவற்றைக் கடலில் வீசியதும் மொய்க்கும் சூரை மீன்களைத் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகின்றனர். அச்சூரையை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்தால் கிடைப்பதுதான் நம் கடைகளில் விற்கும் மாசிக்கருவாடு. ‘மாசி’யும் திவேகியில் மீனைக் குறிக்கும் ‘மஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே.

தமிழருக்கு இக்கடற்பகுதி புதியதன்று. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ என்று குறிப்பதை மாலத்தீவுகள் எனக் கொள்வோர் பலர். மாலத்தீவுச் சுல்தான்களும் பன்னீராயிரம் தீவுகளுக்கு அரசர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டனர். ஆனால் அம்மெய்க்கீர்த்தித் தொடரில் தீவுகளின் எண்ணிக்கை இருக்கிறதே தவிர, அவற்றைக் கோத்திருக்கும் வளையத்துக்குப் பெயர் இல்லை.

இன்று எழுதுவோர் பலர் அட்டோலைப் ‘பவளத்தீவு’ என்கின்றனர். இது பொருந்தாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் பவளத்தீவுகளே. அவற்றில் ஒன்றுகூட அட்டோல் அன்று. ‘வட்டப் பவளத்திட்டு’ என்பது மேலானது. திட்டு என்ற சொல் நீரிலிருந்து மேடுபட்டதைச் சரியாகச் சுட்டுகிறது. எனினும் வட்டம் நடுவில் நிரம்பியதாகவும் இருக்கலாம். வளையமோ நடுவில் வெறுமையாகவே இருக்கும். ஆகவே ‘பவள வளையத்திட்டு’ என்பதே என் தேர்வு. ஈழவழக்கில் பவளக்கல்லை முருகைக்கல் என்பதால், அங்குள்ளோர் ‘முருகை வளையத்திட்டு’ எனலாம். உள்ளிருக்கும் நீருக்குக் காயல், களப்பு என்னும் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

ஓரிடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பு கூடாது. மாலத்தீவில் அத்தொளு என்பது ஆட்சிப் பிரிவின் பெயருமாகும். நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே தனித்துக் கிடக்கும் ஃபுவாமுலா என்னும் ஒற்றைத் தீவில் கடற்காயல் இல்லை, நன்னீர் ஏரிகள் இரண்டுதான் உண்டு. இருந்தும் அரசு ஏடுகளில் அதுவும் ஓர் அத்தொளுவே. அங்கே ‘வளையத்திட்டு’ என்று எழுதினால் பிழையாகிவிடும்; மாவட்டப் பெயரைப்போல் ‘அத்தொளு’ என்றே விட்டுவிட வேண்டும்.